மாணவர்களின் படிப்பார்வம்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்டாஃப் ரூம் பேச்சிலும் பயிற்சி வகுப்புகளிலும் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் கணக்கு வாத்தியார். அதனால் உதாரணங்கள் கணக்குப் பக்கமாகவே சாயும், மற்றப் பாடக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சில கேள்விகளுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரிதான். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

படிப்பில் ஆர்வமே இல்லாத பிள்ளைக்கு முதலில் ஆர்வத்தை உண்டாக்க வேண்டுமா, பாடத்தை நடத்த வேண்டுமா?

பாடத்தை நடத்துங்கள். ஆர்வம் வரட்டும், அப்புறம் படிப்பான் என்று காத்திருந்தால் வருஷம் முடிந்துவிடும்.

ஆர்வம் முன்னால் போகும், படிப்பு அதன் பின்னால் வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். வகுப்பில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். ஒரு கணக்கு தானாகச் சரியாக வந்துவிட்டால் ‘இன்னொன்று போட்டுப் பார்ப்போமே’ என்று கை போகும். வராத பாடத்தின் மேல் யாருக்கும் ஆசை வராது. நமக்கும் அப்படித்தான். உங்களுக்குச் சுத்தமாக வராத ஒரு வேலையை நினைத்துப் பாருங்கள், ஓவியமோ நீச்சலோ ஏதோ ஒன்று. அதைத் தினமும் நாற்பது நிமிஷம், நாற்பது பேர் முன்னால் செய்யச் சொன்னால் எத்தனை நாள் உற்சாகமாகப் போவீர்கள்?

கல்வி உளவியலில் எதிர்பார்ப்பு–மதிப்புக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் ஒரு பக்கம், ‘இது எனக்கு வேண்டும்’ என்ற எண்ணம் இன்னொரு பக்கம். இரண்டையும் கூட்டிப் பார்க்கக் கூடாது, பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒன்று பூஜ்யமாகிவிட்டால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யம்தான். நாம் செய்கிற உபதேசமெல்லாம், அதாவது ‘படிச்சாத்தான் எதிர்காலம்’ வகையறா, இரண்டாவது எண்ணைத்தான் ஏற்றப் பார்க்கிறது. கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்திருப்பவனுக்குப் பூஜ்யம் இருப்பது முதல் எண்ணில். படித்தால் நல்லது என்று அவனுக்கும் தெரியும். தனக்கு வராது என்பதும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே இந்தப் பக்கம் முழுக்க நான் சுற்றிச் சுற்றி வரப்போவது ஒரே இடத்துக்குத்தான்: இன்றைக்கு, இந்தப் பீரியடுக்குள், அந்தப் பிள்ளை தன் கையால் சரியாகச் செய்த ஒரு விஷயம் இருந்ததா?

முயற்சியே செய்யாதவனைச் சோம்பேறி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

சில பேர் நிஜமாகவே சோம்பேறிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் சோம்பேறி என்று முத்திரை குத்துகிறவர்களில் பாதிப் பேர் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கிறார்கள், தங்களுக்குத் தெரியாது என்பதை மறைப்பதற்காக.

மார்ட்டின் கவிங்டன் என்ற உளவியலாளர் இதைச் சுயமதிப்புக் கோட்பாடு என்று விளக்கினார். படிக்காமல் ஃபெயிலானால் ‘படிக்கல, அதான்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ராத்திரி பகலாகப் படித்தும் ஃபெயிலானால் ‘மண்டு’ என்ற பெயர்தான் மிஞ்சும். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முயற்சி செய்யாமல் இருப்பதுதான் பத்திரமான வழி.

அடையாளம் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பான். சரியாகக் கணக்குப் போடுகிற நேரத்தில் தண்ணீர் தாகம் எடுக்கும். இன்னொரு வகை, அமைதியான வகை, நம் கண்ணில் படுவதே இல்லை. என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நோட்டைத் திறந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்: தலைப்புக்குச் சிவப்பு மை, ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு, போர்டில் போட்ட கணக்கெல்லாம் ஓர் எழுத்து விடாமல். ஒருநாள் புதுக் கணக்கு ஒன்றைத் தந்துவிட்டுச் சுற்றி வந்தேன். கேள்வியை அழகாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ‘விடை:’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள். அதற்குமேல் ஒன்றுமில்லை. அதுவரை எத்தனை முறை அந்த நோட்டுக்கு ‘மிக நன்று’ போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அப்படிப்பட்ட பிள்ளையிடம் எங்கிருந்து தொடங்குவது?

தப்பு செய்வதன் விலையைக் குறைப்பதிலிருந்து.

ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டான். மேலே இருப்பதைக் கூட்டி, கீழே இருப்பதையும் கூட்டிவிட்டான், ஊர் உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்புதான். ‘தப்பு, உட்கார்’ என்று சொல்ல ஒரு விநாடி போதும். அன்றைக்கு என்னவோ பொறுமை இருந்தது. “அரை பெரிசா, அஞ்சுல ரெண்டு பெரிசா?” என்று கேட்டேன். யோசித்தான். ஐந்தில் பாதி இரண்டரை என்று முணுமுணுத்தான். “அரைதான் சார் பெரிசு.” சரி, அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டினோம், கூட்டிய பிறகு அரையைவிடக் குறைந்துபோச்சே, அது எப்படி? அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்துவிட்டான். யாரும் சொல்லாமல் தானே அடித்துவிட்டான். சரியான விடை வர இன்னும் பத்து நிமிஷம் ஆயிற்று, பகுதிகளை ஒன்றாக்குவதைத் திரும்ப நடத்த வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பத்து நிமிஷமும் அவன் தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

தப்பான விடைக்குள்ளும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கேட்டால், பிள்ளை தன்னை மதிக்கிறார்கள் என்று புரிந்துகொள்கிறது. வகுப்பும் கேட்டுக்கொண்டிருக்கிறது. தப்பு சொன்னவனுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துத்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள்.

வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுங்கள் என்கிறார்கள். அதனால் நிஜமாகப் பலன் உண்டா?

உண்டு. 1981இல் ஆல்பர்ட் பண்டுராவும் டேல் ஷங்க்கும் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். கழித்தல் சுத்தமாக வராத, கணக்கு என்றாலே முகம் சுளிக்கிற சிறு பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே பயிற்சித் தொகுப்பு, 42 பக்கம், 7 அமர்வு. ஒரு குழுவிடம் ‘ஓர் அமர்வுக்கு 6 பக்கம் முடிக்கப் பார்’ என்றார்கள். இன்னொரு குழுவிடம் ‘ஏழு அமர்வு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பார்’ என்றார்கள். மூன்றாவது குழுவுக்கு இலக்கு எதுவும் சொல்லவில்லை.

ஆறேழு நாற்பத்திரண்டு, கணக்கு ஒன்றேதான். ஆனால் ஆறு பக்க இலக்கு வைத்திருந்தவர்கள் கழித்தலில் மற்றவர்களைவிட மிகவும் முன்னேறினார்கள். பிறகு ‘விருப்பம் இருந்தால் போடு, இல்லாவிட்டால் வேறு வேலை செய்’ என்று விட்டபோது, தாங்களாகவே அதிகக் கணக்குப் போட்டவர்களும் அவர்கள்தான். நாற்பத்திரண்டு தூரத்தில் இருக்கிறது. ஆறு முடிந்தது என்பது இன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

இதில் ஒரு பள்ளம் உண்டு. சின்னது வேறு, சுலபம் வேறு. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்துச் சரி போட்டால் அவனுக்குச் சந்தோஷம் வராது, கோபம்தான் வரும். நம்மை மட்டமாக நினைத்துத்தான் இதைத் தந்தார் என்று உடனே கண்டுபிடித்துவிடுவான். நான் ஐந்து கணக்கு தருவதாக இருந்தால் முதல் இரண்டும் நேற்றுப் போட்ட மாதிரியே இருக்கும். அடுத்த இரண்டில் ஒரே ஒரு மாற்றம். ஐந்தாவது கொஞ்சம் இடறும். ஐந்தாவது வராவிட்டாலும் நாலு வந்திருக்கும்.

ஸ்டார், ஸ்டிக்கர், பரிசு எல்லாம் தரலாமா?

இதில்தான் அதிகச் சண்டை. முதலில் ஆய்வு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைத் தந்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் வண்ணப் பேனாக்களை மேஜையில் வைத்துவிட்டு மறைவிலிருந்து கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

என் அனுபவமும் கிட்டத்தட்ட இதுதான். ஒருமுறை சுவரில் ஸ்டார் சார்ட் ஒட்டினேன். முதல் வாரம் அமர்க்களம். மூன்றாவது வாரம் நோட்டைத் திறப்பதற்கு முன்பே “இதுக்கு ஸ்டார் உண்டா சார்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு ஸ்டார் வாங்கியவர்கள் அந்தச் சுவர்ப் பக்கமே திரும்புவதில்லை. ஒரு சனிக்கிழமை யாருமில்லாத நேரத்தில் போய்க் கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அதற்காகப் பரிசே பாவம் என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாடு மாதிரி, ஆரம்பத்தில் யாருக்குமே ஆசை வராத, ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலைக்கு ஒரு சின்னத் தூண்டுகோல் இருந்துவிட்டுப் போகட்டும். ஏற்கெனவே ஆசையாகச் செய்கிற பிள்ளைக்கு விலை பேசாதீர்கள். கதைப் புத்தகம் படிப்பவளிடம் ‘பத்துப் புத்தகத்துக்கு ஒரு மெடல்’ என்று சொன்னால், அப்புறம் அவள் கையில் ஒல்லியான புத்தகங்களாகத்தான் இருக்கும்.

எப்படிப் பாராட்டுவது? எல்லோரையும் ‘புத்திசாலி’ என்று ஊக்கப்படுத்தலாம் இல்லையா?

அந்த வார்த்தையைக் கொஞ்சம் சிக்கனமாகச் செலவழியுங்கள். 1998இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் தந்தார்கள். முடித்ததும் சிலரிடம் ‘நீ நல்ல புத்திசாலி’ என்ற பொருளில் ஒரு வரி, சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்ற பொருளில் ஒரு வரி. வித்தியாசம் அவ்வளவுதான். அடுத்து எந்த மாதிரி வேலை வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு நல்ல பெயர் நிலைக்கிற வேலையைக் கேட்டார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் புதிதாகக் கற்றுக்கொள்ள முடிகிறதைக் கேட்டார்கள். நடுவில் கஷ்டமான புதிர் ஒன்றைக் கொடுத்து எல்லோரையும் தோற்க வைத்து, மறுபடி முதல் அளவுக்கு எளிதானதைத் தந்தபோது, புத்திசாலிகள் முதல் தடவையைவிட மோசமாகச் செய்தார்கள். உழைப்பாளிகள் முதல் தடவையைவிட நன்றாகச் செய்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘நல்லா முயற்சி பண்ணினே’ என்று எல்லோருக்கும் வாரி வழங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் காதில் அது ‘உனக்கு வரல, பரவாயில்லை’ என்றுதான் விழுகிறது. என்ன செய்தான் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். “மூணாவது வரியில் குறியை மாத்தினியே, அதைப் பாதிப் பேர் விட்டுட்டாங்க.” போதும். ‘சூப்பர்’, ‘வெரி குட்’ எல்லாம் காற்றில் போய்விடும், இது நிற்கும். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. சில பிள்ளைகளுக்கு ஊரறியப் பாராட்டினால் கூசும், பக்கத்தில் போகும்போது தாழ்ந்த குரலில் சொன்னால் நாள் முழுக்க இனிக்கும்.

‘மூளை வளரும், திறமை வளரும்’ என்ற வளர்ச்சி மனப்பான்மை பற்றி நிறையப் பேசுகிறார்களே?

2019இல் டேவிட் யேகரும் கரோல் டுவெக்கும் உள்ளிட்ட பெரிய குழு ஒன்று அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சோதித்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சிதான். மதிப்பெண்ணில் பின்தங்கிய மாணவர்களின் சராசரித் தரப்புள்ளி, 4 புள்ளி அளவுகோலில், சுமார் 0.1 உயர்ந்தது. சின்ன உயர்வுதான், ஆனால் செலவும் சின்னதே. வகுப்புச் சுவரில் போஸ்டர் ஒட்டி அதே பலனை எதிர்பார்த்தால் கிடைக்காது. ‘உன்னால் முடியும்’ என்று சொல்லிவிட்டு முடியாத தாளை நீட்டினால், நாம் சொன்னது பொய் என்று பத்து நிமிஷத்தில் நிரூபணமாகிவிடும்.

கண்டிப்பு இல்லாமல் எப்படிங்க? அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

மாட்டைப் பற்றிச் சொன்னார்கள்.

கண்டிப்பு வேண்டும். வீட்டுப்பாடம் திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமைதான். சொன்ன விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், நம் மூடுக்குத் தகுந்தபடி மாறக் கூடாது. பிள்ளைகளுக்கு அதுதான் நிம்மதி. பயம் வேறு சமாச்சாரம். பயந்த பிள்ளை எழுதும், ஒப்பிக்கும், மார்க்கூட வாங்கும். கேள்வி மட்டும் கேட்காது. பாடம் பிடித்துப் போவதற்கான வாசலே அந்தக் கேள்விதான். ஆசிரியர் மாறி பயம் போனால் படிப்பும் அதோடு போகிறது, பல பேர் பார்த்திருப்பீர்கள்.

நோட்டுத் திருத்தும்போது மார்க் போடுவதா, குறிப்பு எழுதுவதா? இரண்டும் செய்தால் நல்லதுதானே?

இரண்டும் செய்தால் குறிப்பு எழுதிய நேரம் வீண். 1988இல் ரூத் பட்லர் இதைச் சோதித்தார். சில மாணவர்களுக்கு அவர்கள் செய்த வேலையைப் பற்றிய குறிப்பு மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு ஆர்வமும் நிலைத்தது, வேலையும் மேம்பட்டது. இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே ஆகிவிட்டார்கள்.

காரணம் தெரிந்ததுதான். டெஸ்ட் பேப்பர் கைக்கு வந்ததும் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்? மூலையில் இருக்கும் எண்ணை. அப்புறம் பக்கத்து ஆள் எண்ணை. அவ்வளவுதான், பேப்பர் பைக்குள் போய்விடும். நான் இப்போது பரீட்சை அல்லாத தாள்களில் மார்க் போடுவதில்லை. தப்பு இருக்கிற வரியின் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். என்ன தப்பு என்று எழுத மாட்டேன், அவர்கள்தான் தேட வேண்டும். ஆரம்பத்தில் “எத்தனை மார்க் சார்?” என்று பிய்த்து எடுத்தார்கள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பெற்றோர் சிலருக்குத்தான் இன்னும் பழகவில்லை.

வகுப்பில் கேள்வி கேட்டால் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்களை எப்படி இழுப்பது?

கேள்வி கேட்ட பிறகு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருக்கவில்லை. மூன்று விநாடி காத்திருக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

செய்து பாருங்கள், அந்த மூன்று விநாடி ஒரு யுகம் மாதிரி இருக்கும். நாமே பதிலைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கும். அந்த நாலு பேரின் கைகளையும் கீழே இறக்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் முதலில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் விடையை எழுதட்டும் என்று சொல்லலாம். எழுதியதைப் படிப்பது பேசுவதைவிடச் சுலபம். கூச்சமுள்ள பிள்ளைக்கு அது ஒரு கைப்பிடி.

“இதெல்லாம் எதுக்கு சார் படிக்கணும்?” என்று கேட்டால்?

நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவர்களைச் சொல்ல வையுங்கள். கிறிஸ் ஹல்லமனும் ஜூடித் ஹராக்கிவிச்சும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அறிவியல் பாடம் தங்கள் வாழ்க்கையோடு எங்கே தொடுகிறது என்று அவ்வப்போது தாங்களே எழுதினார்கள். தனக்கு அறிவியல் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆர்வமும் கூடியது, மதிப்பெண்ணும் கூடியது. ஏற்கெனவே நம்பிக்கையோடு இருந்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை.

என் வகுப்பில் ஒருவன் சதவீதத்தைத் தன் செல்போன் பேட்டரியோடு முடிச்சுப் போட்டு எழுதினான்: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சதவீதம் இறங்குகிறது, ராத்திரி எட்டு மணிக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும். நான் நாலு நாள் யோசித்திருந்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது. சரி, எல்லாப் பாடத்துக்கும் இப்படிப் பயன் காட்ட முடியுமா? முடியாது. சிலதைப் பயனே இல்லாமல், அழகாக இருக்கிறது என்பதற்காகவும் படிக்கலாம். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதை நிரூபித்துக் காட்டிய நாளில் யாரும் ‘எதுக்கு’ என்று கேட்டதில்லை.

மாணவர்களுக்குத் தேர்வுச் சுதந்திரம் தர வேண்டும் என்கிறார்கள். பாடத்திட்டம் நம் கையிலேயே இல்லையே?

எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் உருவாக்கிய சுயநிர்ணயக் கோட்பாட்டின்படி மனிதருக்கு மூன்று தேவைகள்: தன் செயல் தன் விருப்பத்திலிருந்து வருகிறது என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தனக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. முதலாவதற்குப் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதில்லை. ‘இந்தப் பத்தில் எந்த ஆறு வேண்டுமானாலும்’, ‘தனியாகவோ ஜோடியாகவோ’, ‘கட்டுரையாகவோ படமாகவோ’. இந்த அளவு போதும். இருபது வாய்ப்புகளைக் கொட்டினால் தேர்ந்தெடுப்பதிலேயே பீரியட் போய்விடும்.

நன்றாகப் படிக்கிறவள் போரடிக்கிறது என்கிறாள். அவளை என்ன செய்வது?

முடித்துவிட்டாள் என்பதற்காக அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கைக் கொடுக்காதீர்கள். அது தண்டனை. அடுத்த முறை மெதுவாக முடிக்கக் கற்றுக்கொள்வாள். அதே கணக்கை வேறு வழியில் போடச் சொல்லுங்கள், அல்லது விடையை நீங்கள் கொடுத்து அதற்கொரு கேள்வியை உருவாக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லித் தரட்டும் என்பது எப்போதாவது நல்லது, தினமும் என்றால் அவளை நம் உதவியாளராக வைத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். அவளுக்கும் தோற்கிற அனுபவம் வேண்டும். எல்லாமே எளிதாக வந்த பிள்ளை, முதல்முறை இடறும்போது மிகவும் மோசமாக விழுகிறது.

ரேங்க் போட்டால் போட்டி மனப்பான்மை வளருமே?

முதல் ஐந்து பேருக்கு வளரும். மற்ற முப்பத்தைந்து பேர் தங்கள் இடம் எது என்று ஒவ்வொரு பரீட்சையிலும் உறுதிசெய்துகொள்கிறார்கள்.

அடிக்கடி டெஸ்ட் வைத்தால் வெறுப்பு வராதா?

மார்க் போட்டு, வீட்டுக்கு அனுப்பி, கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் வரும். அதெல்லாம் இல்லாமல் வையுங்கள். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவை ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னணி. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61.

இதை ஊக்கம் பற்றிய பக்கத்தில் ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டில் மணிக்கணக்கில் வாசித்துவிட்டுப் பரீட்சையில் ஒன்றும் வராத பிள்ளைதான் ‘எனக்கு மண்டையில் ஏறாது’ என்ற முடிவுக்கு வருகிறது. மண்டையில் கோளாறில்லை, படித்த முறையில்தான். பீரியட் தொடங்கியதும் நேற்று நடத்தியதில் மூன்று கேள்வி, துண்டுத் தாளில், தானே திருத்திக்கொள்ளட்டும், யாரிடமும் காட்ட வேண்டாம். ஐந்து நிமிஷ வேலை. இரண்டு வாரத்தில் ‘நேத்து நடத்தினது ஞாபகம் இருக்கு’ என்பதே ஒரு தெம்பாகிவிடுகிறது.

வீடியோ, விளையாட்டு, செயலி இவற்றால் ஆர்வம் கூடுமா?

கவனம் கூடும். வீடியோ முடிந்ததும் ‘என்ன பார்த்தோம்’ என்று கேளுங்கள். பதில் பாடத்தைப் பற்றி இருந்தால் தொடருங்கள். கார்ட்டூன் பூனையைப் பற்றி இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா என்று பிரித்துப் பாடம் நடத்த வேண்டுமா?

வேண்டாம். 2008இல் ஹரோல்ட் பாஷ்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, இப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னார்கள். படமும் சொல்லும் எல்லோருக்குமே வேண்டும். பாடத்துக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

வீட்டுப் பிரச்சினையால் சோர்ந்திருக்கும் பிள்ளையிடம் என்ன பேசுவது?

பேசுவதைவிடக் கேட்பது அதிகம் இருக்கட்டும். வகுப்புக்கு நடுவில் வேண்டாம், எல்லோரும் போன பிறகு. “என்னாச்சு, ரெண்டு நாளா சரியில்லையே” என்ற ஒரு வரி போதும். சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கவனித்தோம் என்பது தெரிந்துவிட்டது. அடிதடி, பசி, பாதுகாப்பின்மை மாதிரி ஏதாவது வெளிப்பட்டால் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். பொறுப்பானவர்களிடம் கொண்டுபோக வேண்டியது உங்கள் கடமை. மற்றபடி, வீடு கலங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு வகுப்பு மாறாமல் இருப்பதே பெரிய ஆறுதல். அதே இடம், அதே குரல், அதே மூன்று கேள்வி.

எனக்கே சலித்துப் போயிருக்கிறது. நான் எப்படி அவர்களை உற்சாகப்படுத்துவது?

உற்சாகம் மாதிரி நடிக்காதீர்கள், பிள்ளைகள் முகம் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். முன்னால் சொன்ன பெருக்கல் கணக்கு நமக்கும் பொருந்தும். என்ன செய்தாலும் ஒன்றும் மாறவில்லை என்ற எண்ணம் வந்துவிட்டால் நாமும் பென்சில் சீவ ஆரம்பிக்கிறோம். ஒரே ஒரு பாடத்தை, ஒரே ஒரு வகுப்பில், இந்த வாரம் மாற்றி நடத்திப் பாருங்கள். மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும்.

ஐம்பது அறுபது பேர் இருக்கிற வகுப்பில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

எல்லாம் நடக்காது. நான் செய்வதைச் சொல்கிறேன். மேஜை டிராயரில் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு பெயர். அந்த நாலு பேரின் பக்கத்தில் அன்றைக்குப் போய் நிற்பேன், நோட்டைப் பார்ப்பேன், அவர்கள் செய்ததில் ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்வேன். முடித்ததும் பெயருக்கு நேரே ஒரு டிக். அறுபது பேரென்றால் பதினைந்து வேலைநாளில் ஒரு சுற்று.

பட்டியல் இல்லாமல் முதலில் செய்து பார்த்தேன். மூன்று வாரம் கழித்து யோசித்தால், ஏறக்குறைய அதே பன்னிரண்டு பேரிடம்தான் திரும்பத் திரும்பப் பேசியிருந்தேன்: நன்றாகப் படிக்கிறவர்கள், அட்டகாசம் செய்கிறவர்கள். நடுவில் இருக்கிறவர்கள் பெயரே நினைவுக்கு வரவில்லை. ‘விடை:’ என்று எழுதி இரண்டு கோடு போட்ட அந்தப் பெண்ணும் அந்த நடுவில்தான் இருந்தாள். பட்டியலில் அவள் பெயர் முப்பத்தொன்றாவது.